அட்டை மாமன் மடியில் ஒரு காது

திரிங்காப்
4 பிப்ரவரி 2025

அண்ணன் குகனேஸ்வரனுக்கு,

தவமலர் எழுதுவது. ‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

போன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில், எல்லாரும் பார்க்க, சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். என் பிள்ளைக்கு நீ மடி கொடுக்கிற வரைக்கும் உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று. கோபத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. பேசாமல் உன்னை எப்படித் திட்டுவது?

பூசாரி சாமிநாதனிடம் போய்க் கேட்டேன். தாடியைக் கொஞ்ச நேரம் சொறிந்துவிட்டுச் சொன்னார்: “போன்ல பேசினா பேச்சுதான்லா மலரு. வாட்சாப்பும் பேச்சுதான், டிங்குனு சத்தம் வருதில்ல? காயிதத்துல எழுதினா சத்தம் வராது. நீ எழுது. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

அதனால் இந்தக் கடிதம். என் முட்டைக்கோஸ் லோரி எப்படியும் ஜொகூருக்கு வருகிறது. டிரைவர் சிங்காரம் கொண்டுவந்து உன் கிளப் வாசலில் கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடு.

யுவாவுக்குக் காது குத்த மூன்று தடவை நாள் பார்த்தோம். முதல் தடவை உனக்கு மலாக்காவில் கூடைப்பந்து ஆட்டம். இரண்டாம் தடவை முட்டியில் ஊசி. மூன்றாம் தடவை, “கண்டிப்பா வந்துடுவேன் மலரு” என்று அம்மா தலையில் அடிக்காத குறையாகச் சொன்னாய். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். தானா ராத்தாவிலிருந்து வந்த பத்தர் ஊசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வரவில்லை. என் வீட்டுக்காரர் போனில் உன் ஆட்டத்தை நேரலையில் போட்டார். கோயிலே கூடிப் பார்த்தது. நீ ஆடவே இல்லை. ஒரு நிமிடம்கூட. பெஞ்சில் உட்கார்ந்து, வியர்த்து வந்தவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நான் வியாபாரி, எனக்குப் புரியாதது இதுதான். உன்னைக் கிளப்காரன் வைத்திருப்பதே உட்கார்வதற்கு. ஈப்போ, பினாங்கு, ஹாட்யாய், பத்தாம், ப்னோம் பென் என்று பதினாறு வருடமாக ஊர் ஊராகப் போய் உட்கார்ந்திருக்கிறாய். இந்த வட்டாரத்திலேயே உன் அளவுக்கு உட்காரத் தெரிந்த ஆள் கிடையாது. என் மகளுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் உட்கார ஒரு ஆள்.

வந்த சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? பானக் கம்பெனிக்காரன் முன்பு உன் உயரத்துக்கே ஒரு அட்டை உருவம் செய்து கொடுத்தானே, என் கடை வாசலில் ஸ்ட்ராபெரி போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். “ஆளு இல்லேன்னா உருவம் போதும்” என்றார் பூசாரி. ஆனால் அட்டைக்கு மடி இல்லை. என் வீட்டுக்காரர் வசந்தன் உன்னை இடுப்பில் ஒரு மடிப்பு, முட்டியில் ஒரு மடிப்பு மடித்து நாற்காலியில் வைத்தார். மாமனுக்கு மாலை போட வேண்டும், போட்டோம். குத்துவிளக்கு ஏற்றினோம். வசந்தன் அடியில் கையைக் கொடுத்துத் தாங்க, யுவாவை உன்மேல் உட்கார வைத்தோம்.

இடது காது வரைக்கும் நீ ஒழுங்காகத்தான் இருந்தாய். பிள்ளை வீறிட்டு உதைத்த உதையில் உன் முட்டி கிழிந்து, அப்படியே முன்னால் கவிழ்ந்து பத்தரின் மேல் விழுந்தாய். பத்தர் எழுந்துவிட்டார். “அட்டை மடியில இனிமே குத்த மாட்டேன்மா. நாலு பேரு சிரிப்பாங்க” என்று பெட்டியை மூடிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போய்விட்டார்.

இப்போது என் மகளுக்கு இடது காதில் தோடு. வலது காது வெறுங்காது. இது ஒன்பதாம் மாதம். பதினோராம் மாதத்துக்குள் குத்தாவிட்டால் பிறகு மூன்றாம் வயதில்தான். அதுவரைக்கும் அவள் ஒற்றைத் தோட்டோடு இந்த மலை முழுக்க உன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

தவமலர்

*

ஜொகூர் பாரு
10 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை தவமலருக்கு,

அண்ணன் குகன் எழுதிக்கொண்டது. இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல் என்று எழுத நினைத்தேன். உன் நலம் கடிதம் முழுக்கத் தெரிந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தயார் நிலையில் இருந்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

என் வேலை ஆட்டத்தன்று இல்லை, வாரம் முழுக்க நடக்கிறது. எதிரணியில் ஒரு பெரிய ஆள் இருந்தால் பயிற்சியில் நான்தான் அவன். அவனைப் போலவே நடந்து, அவனைப் போலவே முழங்கையை வைத்து, நம் பையன்களிடம் இடி வாங்க வேண்டும். போன வாரம் நான் ஒரு செர்பியாக்காரன். இந்த வாரம் நைஜீரியாக்காரன். இப்படி உலகமே சுற்றிவிட்டேன் மலரு, யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் லீவு கேட்பது பெரிய விஷயமா என்று நீ கேட்பாய். லீவு கொடுத்துவிடுவார்கள். அதுதான் பயம். ஒரு நாள் நான் இல்லாமல் நடந்துவிட்டால், நான் இல்லாமலும் நடக்கும் என்று தெரிந்துவிடும். ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. எனக்கு முப்பத்தாறு. இது பதினான்காவது கிளப். பதினைந்தாவதைத் தேடுகிற வயதா?

இன்னொன்றும் இருக்கிறது, சிரிக்காதே. ஆட்டம் தொடங்குமுன் மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு, முதலில் இறங்கும் ஐந்து பேரை மட்டும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு வெளிச்சம், அதில் ஓடிவர வேண்டும். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. இருட்டில் கைதட்டிக்கொண்டு நிற்கிறவனாகவே இருந்துவிட்டேன். அது ஒரு தடவை வேண்டும். பிறகு நீ சொல்கிற எந்த நாற்காலியிலும் உட்காருகிறேன்.

யுவாவின் இடது காதுக்கு என் முத்தம். வலது காதிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

பி.கு.: இங்கே ஒரு விசித்திரம். முன்பு என்னோடு பினாங்கில் ஆடிய இரண்டு பேர் போன் பண்ணினார்கள். நான் “ஹலோ” என்றதும் ஒருவன் அலறினான். இன்னொருவன் “அம்மா” என்று சொல்லி வைத்துவிட்டான். உனக்கு ஏதாவது தெரியுமா?

*

திரிங்காப்
14 பிப்ரவரி 2025

அண்ணே,

தெரியும். உட்கார்ந்து படி, உனக்குப் பழக்கமான வேலைதான்.

நீ செத்துப் போய்விட்டாய்.

வசந்தனின் அத்தை சாரதா, கம்போங் ராஜாவில் இருக்கிறதே, அதுதான் காரணம். அன்று கோயிலில், பிள்ளையை உட்கார வைக்கும் முன்னால் ஒரு படம் எடுத்திருக்கிறது. நடுவில் நீ, கழுத்தில் மாலை, முன்னால் குத்துவிளக்கு. சுற்றிலும் நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறோம். நீ வராத வயிற்றெரிச்சலில் தொங்கிய முகங்கள். அதை பேஸ்புக்கில் போட்டு, “எங்கள் குகனேஸ்வரன் இல்லாத குறை இன்றுதான் தெரிந்தது” என்று எழுதியிருக்கிறது. கேட்டால், “உண்மையைத்தானே எழுதினேன்?” என்கிறது. உண்மைதான்.

மாலை போட்ட படத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் கேரித் தீவுச் சித்தப்பா ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார். அதைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் படத்தை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. நீ இடுப்பில் மடிந்து இருப்பதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. உன் பழைய கிளப்காரர்கள் எடுத்து எடுத்துப் போடுகிறார்கள்.

நீ சின்ன வயதில் அவர் தோட்டத்துக் களத்தில் பந்து போட்டுப் பழகினாயே, ஆ செங் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, அவர் என் கடைக்கு வந்து வெள்ளைச் சாமந்தி பத்துக் கட்டு கேட்டார். கல்யாணமா தவுக்கே என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சாயந்திரம் அதையே பெரிய வளையமாகக் கட்டிக்கொண்டு என் கடைக்கே வந்து நிற்கிறார். உயிரோடு இருக்கிறாய் என்று சொன்னேன். “ஹிடுப் லாகி? இன்னும் உயிரோடவா?” என்று மூன்று தடவை கேட்டார். சந்தோஷம்தான். ஆனால் இவ்வளவு பெரிய வளையத்தை என்ன செய்வது என்று இரண்டு பேருமே யோசித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் பிரித்து மறுபடியும் கட்டுக் கட்டினோம். ராத்திரிக்குள் விற்றுவிட்டது.

அம்மா அழவே இல்லை. “செத்திருக்க மாட்டான்டி. அவன் எதுலயும் முந்திக்கிட்டுப் போற ஆளா?” என்றுவிட்டு டீத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

படத்தை எடுக்கச் சொன்னேன். “இவ்வளவு லைக் எனக்கு என் கல்யாணத்துக்குக்கூட வரலைலா” என்று சாரதா அத்தை மாட்டேன் என்கிறது. நீயே உயிரோடு இருப்பதாக அறிவித்துக்கொள்.

தவமலர்

*

ஜொகூர் பாரு
23 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

அறிவிக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு வாரம் போய்விட்டது.

ஈப்போ கோச் நினைவிருக்கிறதா? நான் உயிரோடு இருந்த காலத்தில் என்னை ஐஸ்பெட்டி என்பார். “பெரிசா இருக்கு, ஒரு மூலையில நிக்குது, உறுமுது” என்பார். இப்போது அவர் எழுதுகிறார், நான் அந்த அணியின் முதுகெலும்பாம். என்னைப் போல ஒருவனை இனிப் பார்க்க முடியாதாம். பத்தாம் தீவுக் கிளப்பில் என்னை விமானச் சீட்டுக்கூட இல்லாமல் அனுப்பினார்கள். அவர்கள் என் சட்டை எண்ணை இனி யாருக்கும் கொடுக்கப் போவதில்லையாம். ஹாட்யாயில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். படம் மட்டும் வேறு ஒருவனுடையது. இருந்தாலும் மனசு நிறைந்துவிட்டது மலரு. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. சாரதா அத்தைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம் எங்கள் மேனேஜருக்கு விஷயம் எட்டியது. அவர் உன்னைப் போன்றவர், எதையும் வீணாக விடமாட்டார். “இறந்தவர் ஆடுகிறார், வந்து பாருங்கள்” என்று விளம்பரம் போட்டுவிட்டார். சனிக்கிழமை கூட்டம் அடைத்துக்கொண்டு வந்தது. நான் துண்டை எடுத்தாலே கைதட்டினார்கள். கடைசியில் கோச்சுக்கு வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார். இரண்டு தடவை சும்மா எறியக் கொடுத்தார்கள். இரண்டும் உள்ளே போகவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

பதினாறு வருடம் உயிரோடு இருந்து பார்த்தேன். இது போல ஒன்று நடக்கவில்லை.

அண்ணன்

*

திரிங்காப்
2 மார்ச் 2025

அண்ணே,

கவனமாகக் கேள். இது உன் தொழில் இல்லை, என் தொழில்.

முட்டைக்கோசை மாதக்கணக்கில் யாரும் சீண்ட மாட்டார்கள். ஒரு நாள் மழையில் மலைச்சாலை சரிந்து அடைத்துக்கொள்ளும். அன்று கோலாலம்பூர்க்காரன் எல்லாம் எனக்குப் போன் பண்ணுவான். முட்டைக்கோஸ் அதே முட்டைக்கோஸ்தான். ருசி கூடவில்லை. சாலைதான் அடைத்தது. மறுநாள் மண்ணை அள்ளிவிடுவார்கள், போன் நின்றுவிடும்.

உனக்கு இப்போது சாலை அடைத்திருக்கிறது. திறப்பதற்குள் உனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள். உருகிக்கொண்டு உட்காராதே. இரங்கல் படித்து யாரும் வயிறு நிரப்பியதில்லை.

உனக்கு வேண்டியது விளக்கணைக்கிற விஷயம். எனக்கு வேண்டியது ஒரு மடி. பங்குனி உத்திரம் ஏப்ரல் பதினொன்று வெள்ளிக்கிழமை வருகிறது. சாயந்திரம் ஆறுக்குள் முடித்துவிட வேண்டும் என்று பூசாரி நேரம் குறித்துவிட்டார். யுவாவுக்குப் பதினோராம் மாதம் அதோடு முடிகிறது. பத்தரைச் சமாதானம் பண்ணியிருக்கிறேன். “நெசமான மனுசன் உட்காருவாரா?” என்று கேட்டுத்தான் ஒத்துக்கொண்டார். என் வாக்கு அதில் இருக்கிறது.

யுவா இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், “ஒரு தோடு தொலைஞ்சிருச்சா?” என்று தரையில் தேடுகிறார்கள். தொலைந்தது தோடு இல்லை, மாமன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

பதினொன்று. லீவை இன்றே சொல்லி வை.

தவமலர்

*

ஜொகூர் பாரு
17 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். சிங்காரம் அண்ணன் இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிற்கிறார். அதனால் இனிக் கிழிக்க நேரமில்லை.

நீ சொன்னபடியே மேனேஜரிடம் கேட்டேன். முதல் ஐவரில் ஒருவனாக இறக்க வேண்டும், விளக்கணைத்துக் கூப்பிட வேண்டும் என்று. உடனே சரி என்றார். கடைசி ஆட்டத்தில், நம் சொந்த மண்டபத்தில், என் பெயரைத்தான் கடைசியாகக் கூப்பிடுவார்களாம். கடைசிப் பெயருக்குத்தான் சத்தம் அதிகம்.

அந்த ஆட்டம் ஏப்ரல் பதினொன்று, சாயந்திரம் ஐந்து மணிக்கு.

நான் கேட்டு வாங்கிய நாள் இல்லை மலரு. அட்டவணை போன வருடமே போட்டது. சித்ரா பௌர்ணமி அடுத்த மாதம்தானே வருகிறது? அன்று நான் காலையிலேயே வந்து கோயிலில் உட்கார்ந்துவிடுகிறேன். பத்தருக்கு முன்னால், பூசாரிக்கு முன்னால். வேண்டுமானால் முதல் நாளே வந்து படுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

*

திரிங்காப்
20 மார்ச் 2025

குகனேஸ்வரனுக்கு,

சித்ரா பௌர்ணமி யுவாவுக்குப் பன்னிரண்டாம் மாதம். உனக்கு ஐந்து தவறு, நாலு கட்டம் என்று ஆட்டச் சட்டம் எல்லாம் தெரியும். என் பிள்ளையின் மாதக் கணக்கு மட்டும் தெரியாது.

வராதே. அட்டையின் முட்டியை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். நீ போய் உன் விளக்கு அணைவதைப் பார்.

தவமலர்

பி.கு.: உங்கள் மண்டபத்துக்குப் பின்னால் லோரி நிறுத்த இடம் இருக்கிறதா? வாசலில் உயரம் தட்டுமா? சும்மாதான் கேட்டேன்.

*

ஜொகூர் பாரு
25 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

இடம் இருக்கிறது. உயரம் தட்டாது. ஆனால் அங்கே காய்கறி விற்க விடமாட்டார்கள், நகராட்சிக்காரன் வருவான். ஸ்ட்ராபெரியாவது கொண்டுவரலாம் என்று நினைக்காதே.

உன் கடிதம் வந்த அன்று கோச்சிடம் போய், “பதினொன்றாம் தேதி எனக்கு லீவு வேண்டும்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பையன்களையும் கூப்பிட்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி வேண்டும் என்றதில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பழக்கமும் இல்லை.

சிங்காரம் அண்ணனிடம் ஒரு சின்ன டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே ஒரு தோடு இருக்கும். ஒன்றுதான். கடைக்காரன் ஜோடியாகத்தான் தருவேன் என்று சண்டை போட்டான். இடது காதுக்கு ஏற்கெனவே இருக்கிறது, வலதுதான் என் பாக்கி என்று சொல்லி ஒன்றை மட்டும் வாங்கினேன். அதே போலச் சிவப்புக் கல். அட்டை மடியில் வைத்தாவது போட்டுவிடு. பெரியவளானதும், மாமன் எங்கே என்று கேட்டால், உயரமாக இருந்தான் என்று மட்டும் சொல்.

அண்ணன்

*

ஜொகூர் பாரு
14 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சத்தியம் முடிந்துவிட்டது, போனிலேயே பேசலாம், தெரியும். ஆனால் அன்று மண்டப வாசலில் நீ வாயைத் திறந்ததும் நிறுத்தவில்லை. இரண்டு மாதம் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டாய். என் பக்கத்தைச் சொல்ல எனக்கு ஒரு இடைவெளி கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விளக்கை அணைத்தார்கள். ஒவ்வொருவனாக ஓடினான். கடைசியில் நான் மட்டும் நின்றேன். சீன அறிவிப்பாளர் என் பெயரை நாலு துண்டாக உடைத்துக் கூவினார். ‘கு… கா… னேஸ்… வரன்!’ வெளிச்சத்துக்குள் ஓடினேன். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை, யாரோ ஒருவர் காலை மிதித்தேன். நன்றாக இருந்தது மலரு. நீ நினைப்பதைவிட நன்றாக இருந்தது.

அப்புறம் விளக்கு எரிந்தது.

எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் நீ, வசந்தன் மாப்பிள்ளை, பட்டுப்பாவாடையில் யுவா. பக்கத்தில் விபூதிப் பட்டையோடு பூசாரி. மடியில் பெட்டியோடு பத்தர். உங்களை எல்லாம் முட்டைக்கோஸ் லோரியில் எப்படி ஏற்றினாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. பூசாரி என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். யுவா என்னைப் பார்த்தாள். அட்டைக்கும் எனக்கும் என்ன உறவு என்று யோசிக்கிற முகம்.

ஆட்டம் தொடங்கி முதல் தடவை பந்து வெளியே போனதுமே கோச்சிடம் ஓடினேன். “என்னை உட்கார வையுங்க” என்றேன். “கூட்டம் உன் பேரைத்தான் கத்துது. ஓடு” என்றார். முட்டி வலிக்கிறது என்றேன். தள்ளிவிட்டார். யோசித்துப் பார், பதினான்கு கிளப்பில் எந்தக் கோச்சிடமும் நான் கேட்காமலே கிடைத்த இடம் அந்தப் பெஞ்ச். கேட்டபோது இல்லை என்கிறார்.

ஆனால் ஐந்து தவறு செய்தால் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். கோச் நினைத்தாலும் தடுக்க முடியாது. எதிரணிப் பெரிய ஆளைப் போய்க் கட்டிப் பிடித்தேன். ஒன்று. மறுபடியும் பிடித்தேன். “ஆர் யூ ஓகே, பிரதர்?” என்று கேட்டான், நல்ல பையன். மூன்றாவது, பந்தைத் தொடாத ஒருவனை. நான்காவதுக்குள் நடுவரே என்னைக் கண்டு விலகி ஓடினார். ஐந்தாவதுக்குக் கோச் கோட்டைத் தாண்டி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதையும் மீறிப் போய் மோதினேன். செத்துப் பிழைத்தவன் ஆவேசமாக ஆடுகிறான் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

வந்து உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், அன்று உட்கார்ந்தது போல உட்கார்ந்ததில்லை. நீ பிள்ளையை நீட்டினாய். என் தொடை முழுக்க வியர்வை. நான் யாருக்கெல்லாம் துண்டு எடுத்துக் கொடுத்தேனோ அவர்களில் ஒருவன் எனக்கு ஒரு துண்டைப் போட்டான். அதன்மேல் யுவாவை வைத்தேன். பத்தர் என் தொடையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார், நிஜம்தானா என்று.

அவள் வீறிட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் பெரிய பையன் எறியப் போனவன் திடுக்கிட்டு வெளியே எறிந்தான். அதனால் நாங்கள் ஜெயித்தோம் என்று எழுத ஆசை. தோற்றுத்தான் போனோம்.

கிளப் என்னைப் புதுப்பிக்கவில்லை. கோச் என்னிடம் பேசுவதும் இல்லை. சத்தியம் ஏதாவது பண்ணியிருப்பாரோ என்னவோ. துணியை மடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை. ஆனால் வருத்தமாகவும் இல்லை.

அண்ணன்

*

திரிங்காப்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்த்தாயா, கை வந்துவிட்டது.

அம்மா வீட்டில் நீ படுத்திருக்கும் கட்டிலுக்கும் என் கடைக்கும் நடந்தே வந்துவிடலாம். நேற்றுதான் நேரில் அவ்வளவு பேசினோம். இப்போது எதற்குக் காகிதம் என்று நீ பயப்படுவாய். மறுபடியும் சூடம் இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் வியாபாரம். காலையில் கூச்சிங்கிலிருந்து ஒரு கிளப்காரன் என் கடைக்குப் போன் பண்ணினான். நீ செத்ததிலிருந்து எல்லாரும் என் நம்பரைத்தானே வைத்திருக்கிறார்கள். நீ அந்த ஆட்டத்தில் செய்ததை யாரோ படம் எடுத்துப் போட்டு அது அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அவர்கள் தொகுதியில் பெரிய பெரிய ஆட்களாக வந்து குவிந்திருக்கிறார்களாம். இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஐந்து தவறையும் கணக்காகச் செலவு செய்து, எதிராளியை எரிச்சல்படுத்திவிட்டு வந்து பேசாமல் உட்கார ஒரு ஆள் வேண்டுமாம். “அப்படி ஆட ஆள் கிடைக்கிறதே இல்லைங்க” என்கிறான். எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் ஒருவன் சரக்கைத் தேடி அலைகிற குரல் தெரியும். “அவருக்கு நிறைய இடத்துல கேட்டிருக்காங்களே” என்றேன். ஒரு வருடம் என்றான். இரண்டு என்றேன். சரி என்றுவிட்டான். அவசரப்பட்டுவிட்டேனோ, மூன்று கேட்டிருக்கலாமோ என்று மதியம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன்னை விளக்கணைத்துக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். “ஐந்து பேரில் இல்லாவிட்டாலுமா?” என்றான். ஆறாவதாகக் கூப்பிடு, உனக்கு என்ன, பல்பு தேய்ந்துவிடுமா என்றேன்.

அட்டை அண்ணன் மறுபடியும் கடை வாசலில் நிற்கிறார். முட்டியில் டேப் இருப்பதால் கொஞ்சம் நொண்டி மாதிரித் தெரிகிறது. யுவா அவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறாள். இரண்டு தோடும் ஆடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று வசந்தன் கேட்டார். வேண்டாம், கைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்றேன்.

இப்போது காரணம். மூன்று மாதம் ஆகும் வரைக்கும் இந்த விஷயத்தை வாயால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா வாயைக் கட்டியிருக்கிறாள். உன்னிடம்கூட. எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. பூசாரியைக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், கேட்டாலே சொன்னதாகிவிடும். அதனால் நானே முடிவு பண்ணி எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதே.

கூச்சிங்காரன் அனுப்பும் ஒப்பந்தத்தில் லீவு என்று ஒரு இடம் வரும். அதில் அடுத்த வருடத்துக்கு ஒரு நாள் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். “இப்பவேவா? எதுக்கும்மா லீவு?” என்று கேட்டான்.

“இன்னும் ரெண்டு காது இருக்கு” என்றேன்.

தவமலர்